சொல்லிக்கொண்டு வந்த இடம்

மால்டா,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புள்ள மாமாவுக்கு, லீலாவதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் நந்தினியும் மாப்பிள்ளையும் நலம். அவள் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று நேற்றுகூட ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதை முதலில் எழுதிவிட்டேன், இனிமேல் பதறாமல் படியுங்கள்.

தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வெடிக்கு முக்கால் காதைக் கொடுத்துவிட்டு ரிட்டயர் ஆனவரிடம் போனில் ரகசியம் பேச முடியுமா? நான் கத்த வேண்டும், நந்தினிக்குக் கேட்கும். அவள் இல்லாத நேரத்திலும் இந்த விஷயத்தை இந்த வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் பெரம்பலூர்ப் பையன் பிரேம் நாளைக்கு லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பகலில், தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். பேறுகாலம் பார்க்க வந்தவள், பேறுகாலத்துக்கு முன்பே திரும்பி வருகிறேன். டிக்கெட்டை மாற்றியாகிவிட்டது, சனிக்கிழமை காலையில் திருச்சியில் இறங்குகிறேன். நந்தினி இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு அவளால் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை என்றுதானே நான் கடல் தாண்டி வந்தேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் ஓடுகிறாளே என்று அழுகிறாள். அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் பெண்கள் முறை போட்டு வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வேல்முருகன் தங்கமான பிள்ளை, அத்தைக்கு ஊர் ஏக்கம் என்று தானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். அவள் உங்களிடம் போனில் அழுதால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றே சொல்லுங்கள். மெய்யான காரணத்தை உங்களிடம் மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

சோறு வடிக்கிறீர்களா, இல்லை மூன்று வேளையும் முக்குக் கடைதானா? கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருந்தால் கையால் தட்டாதீர்கள். போன தடவை வீங்கியது மறந்திருக்காது.

நான் வந்ததிலிருந்து நாலு சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன் என்று மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பஸ் சுற்றுலாவுக்கு எனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டார். காலையில் ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவார்களாம். நிறைமாதக்காரியை விட்டுவிட்டு நான் எதற்கு என்றேன். அவளே பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். அன்றைக்குப் புதன்கிழமை. நம் சிறுவாச்சூர் அம்மன் திங்களும் வெள்ளியும்தானே கோயிலில் இருப்பாள், மற்ற நாளில் மலைக்குப் போய்விடுவாள். கிளம்பும்போதே அது மனசில் பட்டது. வந்த இடத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று ஏறிவிட்டேன்.

பஸ் நம் டவுன் பஸ் மாதிரி இல்லை, மாமா. உள்ளே குளிர் அடிக்கிறது, பேச்சுச் சத்தம் இல்லை. மஞ்சள் குடை பிடித்த ஒரு பருத்த பெண்தான் வழிகாட்டி. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், இருக்கைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு, ஆடு எண்ணுகிற மாதிரி எங்களை எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்வாள். எனக்கு ஜன்னலோரம். பக்கத்து இருக்கை காலி. பின்னால் ஒரு மலையாளச் சேச்சியும் அவள் வீட்டுக்காரரும் இருந்தார்கள். வழிகாட்டி பேசுகிற இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் புரியும், மீதியை அந்தச் சேச்சி குனிந்து என் காதில் சொல்வாள்.

இந்தத் தீவே சுண்ணாம்புக்கல். வீடு, கோயில், மதில் எல்லாம் அதே கல், நம் சோளமாவு நிறம். வழியில் ஒரு கல் சுரங்கம் வந்தது. நாம் வெடி வைத்து உடைப்பதை இவர்கள் ரம்பம் வைத்துப் பால்கோவா வெட்டுவது போல வெட்டி எடுக்கிறார்கள். வழிகாட்டி காட்டிய ஒரு துண்டுக் கல்லுக்குள் சிப்பியும் நத்தையும் பதிந்திருந்தன. நம் ரெட்டிபாளையமும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் கேலி செய்வேனே, அன்றைக்குக் கேலி வரவில்லை. நம் ஊருக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதலில் இறக்கிவிட்ட இடம் தரைக்கு அடியில் இருந்தது. டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் படியிறங்கினால், பாறையைக் குடைந்து சின்னச் சின்ன அறைகள். ஆளுக்கு ஒரு கட்டில் மாதிரி கல்லிலேயே செதுக்கி, தலை வைக்கக் குழிகூட வெட்டியிருக்கிறார்கள். ஒரு மூலையில் வட்டமாக ஒரு கல் மேடை, அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். யாராவது பெரிய மனிதர்கள் வாழ்ந்த இடம் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத்தான் பார்த்துக்கொண்டு போனேன். சுவரோரமாக ஓர் இடத்தில் வரிசையாகச் சின்னக் கட்டில்கள், என் கை நீளம்கூட இல்லை. ஒன்றின் விளிம்பில் ஒரு நத்தைக் கல் பதிந்திருந்தது. கையால் தடவினேன். வழவழவென்று, யாரோ இவ்வளவு நேரம் தடவிக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் படியேறிவிட்டார்கள், நான்தான் கடைசி. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சின்னக் கட்டிலைப் பார்த்து, "போயிட்டு வரேன்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேலே வெயிலுக்கு வந்த பிறகுதான் சேச்சி சொன்னாள். அது வீடு இல்லையாம். இடுகாடாம். அந்தக் காலத்தில் செத்தவர்களை அங்கேதான் வைப்பார்களாம், சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டதும் செத்தவர்களோடு சாப்பிட்டதாம். எலும்பெல்லாம் எங்கே என்று கேட்டேன். எப்போதோ எடுத்துவிட்டார்கள், எங்கே போயிற்றோ யாருக்குத் தெரியும் என்றாள். துக்க வீட்டில் வாங்க என்று கூப்பிடுவதில்லை, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வருவோம். பச்சைப் பிள்ளைக்குத் தெரிந்த இதை, டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள் என்று நான் கோட்டை விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டி எண்ணினாள். என் இருக்கைக்கு வந்ததும் நின்றாள். முதலிலிருந்து திரும்ப எண்ணினாள். கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள், வண்டி கிளம்பிவிட்டது. எதிர் வரிசையில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. எல்லோருக்கும் மிட்டாய் நீட்டிக்கொண்டு வந்தவர், எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். ஞாபகப் பிசகு என்று நினைத்தேன். மாமா, அந்த மிட்டாயை நான் எடுக்கவில்லை. அடுத்த இடத்தில் இறங்கும்போது அது அங்கே இல்லை.

உச்சிப்பொழுதுக்கு ஒரு கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். கீழே கடல், வரிசையாகப் பீரங்கி. தினமும் பன்னிரண்டு மணிக்கு ஒன்றைச் சுடுவார்களாம், அதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். நான் கைப்பிடிச் சுவரோரமாக நின்றேன். பீரங்கி வெடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. வெடித்த அந்த நொடியில் என் இரண்டு முழங்காலையும் புடவையோடு சேர்த்து யாரோ கட்டிப்பிடித்தார்கள். முகத்தைப் புதைத்தார்கள். மூச்சுக்காற்றின் சூடு தெரிந்தது. குனிந்து பார்த்தால் கல் தரைதான் இருந்தது.

சுரங்கத்தில் மத்தியான வெடி வைக்கும்போது சங்கு ஊதியதும் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடி வந்து என் முழங்காலில் முகத்தைப் புதைக்கிறவன் ஒருவன் இருந்தான். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முப்பது வருஷமாக நாம் இரண்டு பேரும் அவன் பேச்சை எடுத்ததில்லை. நந்தினிக்குத் தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே தெரியாது. அதனால்தான் இதை அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு மீன்பிடி ஊரில் இறக்கிவிட்டார்கள். அங்கே படகுக்கெல்லாம் முன்னால் இரண்டு கண் எழுதியிருக்கிறார்கள், கடலில் கெட்டது அண்டாமல் இருக்கவாம். வரிசையாக நின்ற படகெல்லாம் என்னைப் பார்க்கவில்லை, என் பக்கத்தில் இடுப்பளவுக்குக் கீழே பார்த்தன. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தேன், இறங்கவில்லை. ஓர் உருண்டை உருட்டிப் பொட்டலத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

திரும்பும் வழியில் வெயில் தாழ்ந்துவிட்டது. வழிகாட்டி எண்ணுவதையே விட்டுவிட்டாள், என்னைக் கடக்கும்போது மட்டும் பக்கத்து இருக்கையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். மடியில் கனமாக இருந்தது, கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை. இறங்குவதற்கு எழுந்த சேச்சி என் மடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "குட்டி உறங்கியோ?" என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளே திகைத்து நின்றாள். தலையை உதறிக்கொண்டு, வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போய்விட்டாள். அவ்வளவு அன்பாகப் பேசிக்கொண்டு வந்தவள், என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் படி ஏற மாட்டோம். ஆனால் இங்கே வாசலுக்கு வெளியே தண்ணீர் ஏது? நாலாம் மாடி. கதவைத் திறந்ததும் நந்தினி என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் புடவையைப் பார்த்து, "ஏம்மா, எங்க போயி உக்காந்த? சீலையெல்லாம் சுண்ணாம்பு" என்று தட்டிவிட்டாள். முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் தடம். உள்ளங்கை அளவு, அதுவும் சின்ன உள்ளங்கை. நான் பார்ப்பதற்குள் அவள் தட்டி முடித்துவிட்டாள்.

அன்று ராத்திரி பிள்ளை துடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் வெளியே நிற்க வேண்டியிருந்தது, அவள் மட்டும் உள்ளே போனாள். உள்ளே போனதும் நன்றாகத் துடித்ததாம். திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அடங்கிவிட்டது. மறுநாளும் அப்படித்தான். நான் கடைக்குப் போனால் உதைக்கிறது, கதவைத் திறந்து நுழைந்தால் நின்றுவிடுகிறது. நந்தினிக்கு அதில் ஒரே பெருமை. "நீ பக்கத்துல வந்தா இவன் அடங்கிடுறான்மா, இப்பவே அம்மாயிக்குப் பயப்படுறான்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. உள்ளே இருப்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வைத்திருக்கும் தொட்டிலில் வெள்ளைத் துணியை நான்தான் விரித்தேன். காலையில் நடுவில் குழிந்திருந்தது. சுண்ணாம்புத் தூசி கையில் ஒட்டியது. காலித் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பார்கள், அது காலியாக இருந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை.

செய்த தப்பைச் சரிசெய்து பார்க்காமல் நான் கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைக் கெஞ்சிக்கூத்தாடி அதே இடத்துக்குத் திரும்பவும் போனேன். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். அந்தச் சின்னக் கட்டிலுக்கு முன்னால் நின்று, வருகிறேன் என்று சொன்னேன், வந்துவிட்டேன், இனி இங்கேயே இரு சாமி என்று மனசுக்குள் சொன்னேன். வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் படியேறினேன். மேலே கதவருகே நின்ற ஆள் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். நான் தாண்டிய பிறகும் அவர் கதவை விடவில்லை. பின்னால் இன்னொருவர் வருவதற்காகப் பிடித்திருப்பது போல, குனிந்து கீழே பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகுதான் விட்டார். மாப்பிள்ளை இதையெல்லாம் கவனிக்கவில்லை, ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்களா அத்தை என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என்னால் அதற்குமேல் பயப்பட முடியவில்லை. காய்ச்சலில் அவன் போன அன்றைக்கு என் மஞ்சள் புடவையில் சுற்றி நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போனீர்கள். பொம்பளைகள் தாண்டக்கூடாது என்று தெருமுக்கில் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கடைக்குப் போகிற பிள்ளைக்குக்கூடப் போயிட்டு வா என்று சொல்லி அனுப்புகிறவள், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று எனக்கு நீங்கள் காட்டியதில்லை. ஓடைக்கு மேற்கே அந்த மேடு என்று ஊரில் பேசிக்கொண்டதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். தண்ணீருக்குப் போகும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன்.

பிறகு அந்த மேடும் சுரங்கத்துக்குள் போனது. கல் போயிற்று, மண் போயிற்று. அரைத்துச் சிமெண்டாகி மூட்டையில் ஏறி எந்த ஊருக்கெல்லாமோ போயிருக்கும். அந்த மேட்டுக்கு வெடி வைத்த அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போனீர்களா, லீவு போட்டீர்களா என்று நான் கேட்டதில்லை. சாயங்காலம் வந்து, உடம்பு முழுக்கத் தூசியோடு, குளிக்காமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் தண்ணீர் சேந்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இப்போதும் கேட்கவில்லை. படுக்க இடம் இல்லாத பிள்ளை எங்கே போவான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதை உங்களிடம் சொன்னதில்லை.

இது அவன்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கல் கட்டிலில் கிடந்த வேறு யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருத்தி வந்து வரேன்பா என்று சொன்னாள், நம்பிவிட்டது. யாராக இருந்தாலும், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இதை வைத்திருக்க முடியாது. விட்டுவிட்டு வரவும் முடியாது, விட்டால் நந்தினி வீட்டில்தான் நிற்கும். அதனால் நானே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். விமானத்தில் அத்தைக்குப் பக்கத்து இருக்கை காலி, காலை நீட்டிக்கொண்டு வரலாம் என்றார் மாப்பிள்ளை. நல்லது என்றேன்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குப் போய் நந்தினி பெயருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அர்ச்சனை செய்துவிடுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். வேறு யார் பெயரையும் சொல்லி எதையும் விரட்டச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமை எனக்காகத் திருச்சிக்கு வராதீர்கள், கார் பிடித்து நானே வந்துவிடுவேன். நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைக்காதீர்கள், இந்த ஒரு தடவை மட்டும். வேப்பிலை செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். நான் வாசற்படியில் வந்து நிற்பேன், தானாக உள்ளே வர மாட்டேன். வா என்று என்னை மட்டும் கூப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடாதீர்கள். என் முழங்காலுக்குப் பக்கத்தில் பார்த்து, அவன் பெயரைச் சொல்லி வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவனாக இருந்தால் அப்பா குரல் தெரியும். அவனாக இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளைதானே மாமா, பெயர் வைத்துக் கூப்பிட ஆள் இல்லாமல் கிடந்தது. அந்தப் பெயர் யாருக்கும் ஆகாமல் நம் வீட்டில் சும்மாதான் இருக்கிறது.

எழுதி எழுதிக் கை வலிக்கிறது, காலும் மரத்துவிட்டது. மெதுவாக எழுந்திருக்க வேண்டும், தூக்கம் கலைந்துவிடும். நந்தினி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வருஷம் சொல்லாததால் நாக்கில் வராமல் போய்விடுமோ என்று எழுதிவிடுகிறேன். தமிழழகன். நான் வருவதற்குள் தனியாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லீலாவதி